பாக்கெட் அக்கா நேர்காணலுக்குப் போனாள்

அவளை எல்லோரும் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக் கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். சட்டையோ கோட்டோ, பைக்குள் கைவிட்டுத் துழாவாமல் ஒரு துணியையும் இயந்திரத்தில் போடமாட்டாள். பேனா, பல்செட், காதல் கடிதம் என்று அவள் தண்ணீரிலிருந்து காப்பாற்றியவை கொஞ்சநஞ்சமல்ல. போன மாதம் கடைக்காரர் இனி முடியாது என்று கடையை மூடிவிட்டார். விஷயம் தம்பி காதுக்குப் போயிற்று.

"சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்க்கா. சாமானைக் கட்டி வை. இனிமே நீ எங்க கூடத்தான்" என்றான்.

தம்பி தங்கமானவன். அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் போடா என்று சொல்லிவிடலாம். அவன் வீட்டில் அவளுக்குக் கட்டில் தயார், பார்த்துக்கொள்ள இரண்டு வால் பிள்ளைகளும் தயார். அக்காவுக்கோ தன்னுடைய ஒற்றை அறைதான் உயிர். வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கும், விளக்கை அவள் அணைத்தால்தான் அணையும். சனிக்கிழமைக்குள் வேலை கிடைத்தால் அறை தங்கும், இல்லாவிட்டால் வண்டி வரும். அன்றைக்கு வியாழன்.

ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே போன இளைஞன் ஒருவன் திருதிருவென்று விழித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"என்ன தம்பி கேட்டாங்க?"

"ஒத்தைக் கையுறையைக் குடுத்து, அதுக்கு ஆறுதல் சொல்லுன்னாங்க. நான் டிகிரி படிச்சவன்க்கா."

அக்கா படித்துக்கொண்டு வந்ததெல்லாம் 'உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன' வகையறா.

உள்ளே இரண்டு பேர். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசை மேலாளர், பக்கத்தில் ஆளெடுக்கும் பிரிவு அம்மாள். அந்த அம்மாள் அண்மையில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர். விசித்திரக் கேள்வி கேட்டால்தான் ஆளின் உள்ளே இருப்பது வெளியே வரும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர்களை ஒரு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார வைக்கவேண்டும்.

அம்மாள் ஒரு குடையை நீட்டினார். "இந்தக் குடைக்கு வாய் இருந்தா என்ன சொல்லும்?"

அக்கா அதை விரித்துப் பார்த்தாள். "கம்பி துருப்பிடிச்சிருக்கும்மா. ஈரத்தோட மடக்கி வைக்காதீங்கன்னு சொல்லும்."

மேலாளரின் மீசை லேசாக அசைந்தது. அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேலாளரின் ஃபோன் ஒலிக்க, அவர் பேசிக்கொண்டே நடைபாதைப் பக்கம் போனார். அவருடைய நாற்காலியின் முதுகில் ஒரு பழுப்பு நிறக் கோட்டு தொங்கியது.

இதுவும் யாரோ தவறவிட்ட கோட்டு, அடுத்த சோதனை இதுதான் போலிருக்கிறது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். கோட்டைக் கண்டால் அவள் கை சும்மா இருக்குமா? எடுத்து மேசைமேல் போட்டாள். மேல்பை, கீழ்ப்பை, உள்பை என்று வரிசையாகத் துழாவி, கிடைத்ததை எல்லாம் பரப்பினாள். சீப்பு, கைக்குட்டை, பாதி தின்ற கிரீம் பிஸ்கட் பொட்டலம், நேற்று மதியக் காட்சிக்கான சினிமா டிக்கெட்.

"ஆளைச் சொல்றேன்மா" என்று ஆரம்பித்தாள். "மூணாவது பட்டனை வேற கலர் நூல்ல தைச்சிருக்கு, அவரே தைச்சுக்கிட்டது. பிஸ்கட் உள்பையில இருக்கு, அப்போ இனிப்பு சாப்பிடக்கூடாதுன்னு வீட்டுல கண்டிப்பு. மதியம் சினிமாவுக்குப் போயிருக்காரு, அப்போ ஆபீஸ்ல வேற எங்கயோ போறதா சொல்லியிருப்பாரு. மத்தபடி நல்ல மனுஷன். கைக்குட்டையைத் தானே துவைச்சு மடிச்சு வச்சிருக்காரு."

அம்மாள் பேனாவைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நேத்து ஏதோ ஆய்வுக்குப் போறதா சொன்னேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மேலாளர் நின்றிருந்தார். "அது என் கோட்டும்மா."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிஸ்கட்டைத் திரும்ப உள்பைக்குள் திணிக்கப் பார்த்தாள், அது நொறுங்கி மேசையெல்லாம் தூளாயிற்று. வேலை போயிற்று, அறையும் போயிற்று என்று தோன்றியது.

"மன்னிச்சிடுங்க சார். பையைப் பார்க்காம துணியைக் கீழ வைக்க எனக்குத் தெரியாது."

மேலாளர் உட்கார்ந்தார். நொறுங்காத துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "கடைசிக் கேள்வியைக் கேட்டுடுங்க" என்றார் அம்மாளிடம்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். "நீங்களே ஒரு பொருளா இருந்து தொலைஞ்சு போயிட்டா, எங்க கிடப்பீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை.

"என் தம்பி வீட்டுலம்மா."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"நல்ல வீடு. நல்லா வச்சுக்குவாங்க. அதனாலதான் நான் தொலைஞ்சதே யாருக்கும் தெரியாது. தேடிக்கிட்டும் யாரும் வரமாட்டாங்க."

சொன்ன பிறகுதான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று அவளுக்கே உறைத்தது. மேலாளர் மீசையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டார். அம்மாள் இந்தப் பதிலை எழுதிக்கொள்ளவில்லை.

"உள்ளே நாலாயிரம் பொருள் கிடக்கு" என்றார் மேலாளர். "ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் தேடிக்கிட்டு இருப்பாங்கன்னு நினைக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும். திங்கட்கிழமை வந்துடுங்க. நேத்து சினிமா விஷயம் மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்."

வெளியே வந்ததும் அக்கா அந்தப் பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்து தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"வண்டி வேண்டாம்டா. வேலை கிடைச்சிருச்சு."

"எங்க மேல ஏதாவது வருத்தமாக்கா?"

"ஒரு வருத்தமும் இல்லடா. ஞாயித்துக்கிழமை வரேன், விருந்தாளியா. பிள்ளைங்களோட விளையாடிட்டு, சாயங்காலம் என் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

என் வீட்டுக்கு என்று சொல்லும்போது அவள் கை தன் பைக்குள் போய் அறைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.