செலஸ்ரீனா வீட்டுக்கு வந்த 1883

2018 ஜனவரி முதலாம் திகதி மதியம், கடல்கடந்த ஒரு துறைமுக நகரின் கால்சாப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் இரண்டாம் மாடி வீட்டில் 1883ஆம் ஆண்டு வந்து குடியேறியபோது அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அடுப்படி முக்காலியில் செலஸ்ரீனா. கட்டில் விளிம்பில், துறைமுகத்தில் சாமான் இறக்கும் அவள் தம்பி ஜோக்கிம். ஜன்னலோரம் கவிழ்த்துப் போட்ட தோடம்பழப் பெட்டியில், அதே வீட்டில் அறை பகிர்ந்திருந்த முல்லைத்தீவுக்காரி பிரசாந்தினி. வருடப்பிறப்புக்கு அந்த ஊர் வழக்கப்படி சனம் ஜன்னல் வழியே எறிந்த பழைய சாமான்களுக்குள் மாதா படம் போட்ட மட்டைக் கலண்டர் ஒன்று கிடந்தது. கத்தோலிக்க மீனவக் கிராமமான பேசாலையில் பிறந்தவள் மாதாவைக் குப்பையில் விட்டுவிட்டு நடப்பாளா? செலஸ்ரீனா துடைத்துக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். கிழமைகள் அச்சொட்டாகப் பொருந்தியதால் ஆண்டை ஒருவரும் பார்க்கவில்லை. பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம் முந்தியே கோயிலுக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் பார்த்தார்கள்: 1883.

மே 24, கலண்டர்ப்படி, நியூயோர்க்கில் பெரிய பாலம் திறந்தார்கள். தொப்பி போட்ட சனம் படுக்கையறையால் ஏறிச் சமையலறையால் இறங்கியது. ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. ஜோக்கிம் போனில் தேடி, அந்த ஆண்டில் இன்னும் நடக்கவேண்டியவற்றைத் திகதிவாரியாக எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டினான். ஜூலை 28, நிலநடுக்கத்தில் இஸ்கியா தீவு இடிந்த இரவு, இந்த வீட்டில் மட்டும் காரை கொட்டியது. ஜோக்கிம் பூசிவிட்டான்.

செலஸ்ரீனாவின் கவலை வேறு. பேசாலையில் புருசன் அலோசியசோடு இருந்த மகளுக்கு டிசம்பர் 3இல் பதினெட்டு முடிகிறது. அதற்குமுன் விண்ணப்பம் போகாவிட்டால் பிள்ளையைத் தாயிடம் கூப்பிட வழியில்லை. விண்ணப்பத்துக்கு, வீடு குடியிருக்கத் தக்கது என்று சான்றிதழ் வேண்டும். ஓகஸ்ட் 13 வீடு அளக்கிற ஜியோமெத்ரா வந்தார். முதல்நாள் ஆம்ஸ்டர்டாமில் செத்த, முன்பாதி வரியும் பின்பாதி வெறும் பழுப்புமான, தன் இனத்தின் கடைசிக் குவாகா வரிக்குதிரை நடைவழியில் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போய் ஜன்னலை அளந்தார்.

“விலங்கைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை, சிஞ்ஞோரா. வெளிச்சத்தைப் பற்றி இருக்கிறது. இங்கே வெளிச்சம் காணாது.”

அன்று பின்னேரம் அவள் ஃபிரிஜ்ஜின் முன் நெடுநேரம் நின்றாள். ஓகஸ்ட் 27: ஜாவாப் பக்கம் எரிமலை, கடல் எழும்பும், முப்பத்தாறாயிரம் பேர். அதே சாம்பலால் நவம்பர் கடைசியில் உலகெங்கும் செவ்வானம், பொழுதுபட்ட பிறகும் வெளிச்சம். மறு அளவைக்கு நவம்பர் 28 கேட்டு எழுதிப்போட்டாள்.

“அக்கா, கடல் வரப்போகுது. அந்தக் கலண்டரைக் கழட்டுங்கோ,” என்று பிரசாந்தினி கெஞ்சினாள்.

“மாதாவை எங்கை எறியிறது?”

“மாதாவைச் சாட்டாதேங்கோ. கோயிலிலை குடுக்கலாம். உங்களுக்கும் தெரியும்.”

“ஓம், தெரியும். எனக்குப் பிள்ளை வேணும்.”

27ஆம் திகதி காலை நாலு வெடி கேட்டது. கடல் முழங்காலளவு உள்ளே வந்தது. மாடிப்படியில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. கூரை ஓலை, சட்டி, ஒரு தொட்டில் மிதந்து போயின. 2004இல் இரண்டு தங்கச்சிமாரைக் கடலுக்குக் கொடுத்த பிரசாந்தினி மேசைமேல் ஏறியவள் பொழுதுபடும்வரை இறங்கவில்லை. அடுத்தநாள் பெட்டியோடு நகரின் வேறொரு பக்கமான பிரான்காச்சோவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு செலஸ்ரீனா போன் எடுத்தாலும் கதைக்கவில்லை. செலஸ்ரீனா மூன்று மாதம் உப்புத் துடைத்தாள்.

நவம்பர் 26 சுவர்கள் சிவந்தன. 28 ஜியோமெத்ரா வெளிச்சம் அளக்கும் கருவியை நீட்டி, இரண்டு தடவை பார்த்து, ‘போதுமானது’ என்று எழுதினார். அவளுடைய மேசையில் வைத்து எழுதியதால் திகதி 1883 என்று விழுந்தது; கந்தோரில் அதன்மேலேயே முத்திரை குத்தினார்கள். 30ஆம் திகதி விண்ணப்பம் போனது.

அன்றே அலோசியசுக்கு எழுதினாள்: “பிள்ளையின்ரை அலுவல் சரி. நீங்கள் சுவாமியிட்டைப் போய் ஒரு பூசை ஒப்புக்குடுங்கோ, கடலோடை போனவைக்கு. பேர் கேட்டால் தெரியாது, முப்பத்தாறாயிரம் பேர் எண்டு சொல்லுங்கோ. ஆரெண்டு கேட்டால், எங்கடை வீட்டாலை போனவை எண்டு சொல்லுங்கோ.”

சான்றிதழ்ப் பிரதியையும் உள்ளே வைத்து, விளக்குப் போடாமலே, அந்தச் செவ்வான வெளிச்சத்தில் உறையை ஒட்டினாள். தபால்கந்தோரில் நிறுத்துப் பார்த்து, முத்திரை ஒட்டிச் சாக்கில் போட்டார்கள்.