சுண்டெலியின் பலமும் பலவீனமும்

ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்து ஆடும் ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மிஞ்ச வந்தவர்களெல்லாம் வியர்த்துப்போய்த்தான் திரும்பினார்கள். இணையத்தில் சதுரங்கம் ஆடும் அந்தத் தளத்தில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். அவளே வைத்துக்கொண்டது. சின்னதாய் இருக்கும், எந்தச் சந்திலும் நுழையும், பிடிக்கப் போனால் இருக்காது என்று கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். "வீட்டுல எலி இருந்தா கூண்டு வைக்கணும்" என்று மட்டும் அவர் சொன்னார்.

சுண்டெலியும் அவள் நாத்தனாரும் சேர்ந்து படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றை நடத்தினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தத் தெருவே அடங்கிவிடும். சுவரோடு சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளில் வெயில் பட்டு, மேல்சுவரில் பச்சையும் வெள்ளையுமாக நீர்போல அசையும். நாத்தனார் நாற்காலியிலேயே கண்ணயர்வாள். சுண்டெலி பசை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து ஆட உட்காருவாள். அந்த ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஆட்டம் முடிந்துவிடும். கை தானாகப் போகும். காய்களை நகர்த்துகிறோம் என்ற நினைப்பே இருக்காது. ஓடுகிற தண்ணீரில் கை நனைத்தபடி படித்துறையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும் அவளுக்கு.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தச் சுகம் இன்னும் கூடியது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. உலகத்தில் ஒரு பக்கம் யாரோ மெத்தென்று பஞ்சு வைத்து அடைத்தது போல ஓர் அமைதி. தெருவில் நடந்தால் மனிதர்கள் வருவது தெரியாமல் சட்டென்று பக்கத்தில் முளைத்தார்கள். முளைத்தபோது அழகாகவும் இருந்தார்கள். ஒரு நாள் வெள்ளைக் குடை ஒன்று காற்றிலிருந்தே விரிந்து வந்தது. இன்னொரு நாள் ஒரு சைக்கிள் மணி மட்டும் வந்தது. அது அவளைத் தாண்டிய பிறகுதான் சைக்கிள் வந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், வைத்த டீயை ஆறவிடுவதும் நடந்தன.

"அண்ணி, அஞ்சு நிமிஷமா பக்கத்துலயே நிக்கறேன். நான் என்ன பேயா?" என்பாள் நாத்தனார்.

"ஏதோ யோசனை."

"யோசிங்க. ஆனா படத்தச் சட்டத்துக்கு நடுவுல ஒட்டிட்டு யோசிங்க. நேத்து வந்தவரு, என் பொண்டாட்டி ஏன் ஒரு ஓரமா ஒதுங்கி நிக்கறான்னு கேட்டுட்டுப் போறாரு."

இதெல்லாம் சுண்டெலிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆட்டத்தில் தோற்க ஆரம்பித்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டே மாதத்தில் அவள் மதிப்பெண் மளமளவென்று இறங்கியது. முன்பெல்லாம் வியர்த்துப்போனவர்கள் இப்போது சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தளம் மாதாமாதம் ஆட்டக்காரர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். மனிதர் எழுதுவதில்லை, இயந்திரமே எழுதுவது. அதை அவள் நாத்தனாருக்கு வாசித்துக் காட்டினாள். "பலம்: வேகமான கணக்கு, துணிச்சலான தொடக்கம், நெருக்கடியில் நிதானம். மேம்பட வேண்டியவை: கறுப்பில் ஆடும்போது ராஜாவுக்குப் பாதுகாப்புப் போதவில்லை. வெள்ளையில் ஆடும்போது ராணி இருக்கும் பக்கத்தை மறந்துவிடுகிறீர்கள். அவசரப்பட வேண்டாம்."

"மூணு நிமிஷ ஆட்டத்துல அவசரப்பட வேண்டாமாம்!" என்றாள் நாத்தனார். "ஓட்டப்பந்தயத்துல போய் மெதுவா நடன்னு சொல்றாப்பல இருக்கு."

சுண்டெலி சிரிக்கவில்லை. கறுப்புக்குப் புதிய தற்காப்பு ஒன்றைக் கற்றுக்கொண்டாள். சீக்கிரம் தூங்கிப் பார்த்தாள். டீயை விட்டாள். எதற்கும் பிடி கொடுக்காமல் தோல்வி வந்துகொண்டே இருந்தது. எதிரியின் குதிரை எங்கிருந்தோ குதித்து ராஜாவை மடக்கும். யானை எங்கிருந்தோ வந்து நிற்கும். ஆட்டம் முடிந்த பிறகு ஆற அமரப் பார்த்தால் அந்தக் குதிரை நாலு நகர்த்தலாக அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். "கண்ணு முன்னாடி நின்னத எப்படி விட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் கணவர் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்கிற ஆலையில் தரம் பார்ப்பவர். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்று பத்து வருடமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து அமர்ந்தார்.

"தோத்த ஆட்டத்த ஒவ்வொண்ணா எடு."

"உங்களுக்கு என்ன புரியும்?"

"ஒண்ணும் புரிய வேணாம். எந்தக் கட்டத்துல கோட்டை விட்டேன்னு கை வச்சுக் காட்டு. உன் போன்ல எப்படித் தெரிஞ்சுதோ அப்படியே காட்டு. டைல்ஸ்ல விரிசல் விழுந்தா நாங்க இப்படித்தான் பாப்போம். ஏன் விழுந்துதுன்னு கேக்கறதில்ல. எங்க விழுந்துதுன்னுதான் பாக்கறது."

அவள் காட்டக் காட்ட, எட்டுக்கு எட்டாகக் கோடு போட்ட தாளில் அவர் பென்சிலால் புள்ளி வைத்தார். பத்து ஆட்டம். இருபது. நாற்பதாவது ஆட்டத்தில் பென்சிலைக் கீழே வைத்தார். தாளின் வலது பாதியில் ஐந்தோ ஆறோ புள்ளிகள். மீதி அத்தனையும் இடது பக்கத்தில் எறும்பு மொய்த்தது போல மொய்த்துக் கிடந்தன.

"கறுப்புல ஆடும்போது ராஜா எந்தப் பக்கம் இருப்பாரு?"

"கறுப்புன்னா பலகை திரும்பிடும். ராஜா கோட்டைக்குள்ள போனதும்..." அவள் நிறுத்தினாள். "இடது பக்கம்."

"வெள்ளையில?"

"ராஜா வலது பக்கம். ராணிப் பக்கம்தான் இடது."

இயந்திரம் ராஜா என்றும் ராணி என்றும் இரண்டாகச் சொன்னது உண்மையில் இடது பக்கம் என்ற ஒன்றைத்தான். அவர் தாளை ஓரமாக வைத்தார். பிறகு நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் மூக்கையே பாரு. கண்ண அசைக்காத."

"பத்து வருஷமாப் பாத்த மூக்குதானே."

"எத்தனை விரல்?"

"மொதல்ல கையத் தூக்குங்க."

கை அவள் இடது பக்கத்தில் தூக்கியபடியேதான் இருந்தது.

மறுநாளே கண் மருத்துவரிடம் போனார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் அழுத்த வேண்டும். அறை இருட்டாக, இதமாக இருந்தது. மின்மினிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. சுண்டெலிக்குக் குஷியாகிவிட்டது. இது அவள் ஆட்டமல்லவா! மின்னிய மாத்திரத்தில் அழுத்தினாள். நடுநடுவே நீண்ட அமைதி. அந்த இடைவெளியில் மிதந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணையும் விடல டாக்டர்" என்றாள் வெளியே வந்து.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். இரண்டு கண்களுக்குமான படத்தை மேசையில் வைத்தார். இரண்டிலும் வலது பாதி வெளுப்பு, இடது பாதி கறுப்பு. அவள் மிதந்துகொண்டிருந்த ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு வெளிச்சம் வந்து போயிருந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பின்னாடி மூளையில பாக்கற எடம் ஒண்ணு இருக்கு, அங்க ஏதோ அமுக்குது. ஸ்கேன் எடுத்துடுவோம்" என்றார் மருத்துவர். "நேரம் இருந்தா கண்ணு அங்கயும் இங்கயும் ஓடி எல்லாத்தயும் பாத்துக்கும். அதான் உங்களுக்கே தெரியல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கணவர் புள்ளி வைத்த தாளை நீட்டினார். மருத்துவர் அதைத் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோலிக்குண்டு அளவுக் கட்டி. கெட்ட சாதியில்லை, ஆனால் வளர விட்டால் வம்பு என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் மட்டும் வந்ததல்ல.

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அந்தப் பக்கம் இல்லாம இருந்தது எனக்குப் பிடிச்சிருந்ததுங்க. அவ்வளவு நிம்மதியா இருந்தது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கும். வீட்டுல அந்தப் பக்கம்தான் நான் படுத்துக் குறட்டை விடறேன்."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைசியாக எப்போது அப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது ஓரத்தில் என்னவோ பச்சையாக அசைந்தது. முதலில் நிறம் மட்டும் வந்தது. பிறகு அது துணியானது. பிறகு ஜன்னல் திரையானது. திரைக்குப் பின்னால் ஒரு மரக்கிளை, அதன் மேல் ஆகாயம் என்று ஒவ்வொன்றாக, கூப்பிடாமலே வந்து நின்றன. அவள் கண்ணை அசைக்காமல் படுத்திருந்தாள். அசைத்தால் கலைந்துவிடுமோ என்று பயம்.

எல்லாம் திரும்பி வரவில்லை. இடது பக்கம் கீழ்மூலை மட்டும் வராமலே போயிற்று. அது வராது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். தானியம் பொறுக்கும் புறா மாதிரி இருக்கிறது என்று நாத்தனார் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்துக் கடைக்கு வந்தாள். மதியம் தெரு அடங்கியதும் போனை எடுத்தாள். கறுப்புக் காய்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்துவிட்டு நகர்த்தினாள். குதிரை வருவது தெரிந்தது. யானை வருவதும் தெரிந்தது. எதிரியின் ராஜாவை மடக்க இரண்டே நகர்த்தல் பாக்கி இருக்கும்போது அவள் கடிகாரம் முடிந்துபோனது.

நாத்தனார் தூங்கவில்லை போலும். "தோத்துட்டீங்களா அண்ணி?" என்றாள்.

"நேரம் போச்சு. ஒரு காயக்கூடக் கோட்டை விடல."

அன்றைக்கு அதற்கு மேல் ஆடவில்லை. அடுத்த நாள் முதல் ஐந்து நிமிட ஆட்டத்துக்கு மாறிக்கொண்டாள். பழைய மதிப்பெண்ணை அவள் பிடிக்கவே இல்லை. பிடிக்க வேண்டும் என்ற ஆசையும் மெல்லப் போய்விட்டது. முன்பு பன்னிரண்டு ஆட்டம் ஆடிய நேரத்தில் இப்போது ஆறுதான் ஆட முடிகிறது. ஆனால் தன் முறை வந்ததும் பலகை முழுவதையும் ஒரு தடவை, மொட்டைமாடியிலிருந்து ஊரைப் பார்ப்பது போல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவாகப் பார்க்கிறாள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் பார்த்து முடித்த பிறகே கை வைக்கிறாள்.