தண்ணீர் கேனும் இலைப்பேனும்

போன வருடம் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகையில், மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, "அடுத்த வருஷம் எங்க மாடி வெங்காயம்தான் படைப்போம்" என்று ஜெரூஷா சொல்லிவிட்டாள். சபை முழுக்கக் கேட்டது. இந்த வருடப் பண்டிகைக்கு இன்னும் பத்து நாள். கீழ்க்கட்டளை வீட்டு மொட்டைமாடியில் இருபத்தைந்து பைகளில் சின்ன வெங்காயம் நிற்கிறது. ஆனால் வெங்காயத் தாள்களில் வெள்ளிக் கீறல்கள்.

பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் என்பதால், தாளின் அடியை விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இலைப்பேன். எள்ளில் பாதிகூட இல்லை. தாளைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். சுரண்டிய இடம் வெளிறி வெள்ளியாக மினுங்கும். தாள்கள் ஒன்றுசேரும் இடுக்கில் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து சுலபத்தில் எட்டாது.

அவள் கணவன் ஃபிரெடி ஏற்கெனவே மருந்துப் புட்டியோடு வந்து நின்றான்.

"அடிச்சுத் தள்ளிடலாம், ஜெரூ."

"லேபிளைப் படிச்சியா? அடிச்சா பதினஞ்சு நாள் அறுக்கக் கூடாது. சபைக்கு விஷத்தையா கொண்டுபோறது?"

"அதுக்காகப் பூச்சிக்கு விருந்து வைக்கிறியா?"

கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். மிக மோசமான ஓரத்துச் செடியில் இன்று இருபத்தெட்டுப் பூச்சிகள். அடுத்த வியாழக்கிழமைக்குள் பத்துக்குக் கீழே வராவிட்டால் மருந்துதான்; சபைக்குக் கோயம்பேட்டுச் சந்தை வெங்காயம்தான்.

தினமும் காலையில் ஜெரூஷா ஹோஸ் பைப்பால் தாள்களைக் கழுவினாள். வேகமான தண்ணீரில் பாதிப் பூச்சிகள் உதிரும். அடுத்தது பொறி. இலைப்பேனுக்கு நீலம் என்றால் உயிர். வீட்டில் நீலமாக இருந்தது தண்ணீர் கேன் ஒன்றுதான். அதைத் தகடுகளாக வெட்டி, விளக்கெண்ணெய் தடவி, துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். இரண்டு நாளில் கொசுக்களும் ஒரு புறா இறகும் ஒட்டின. செடியில் இன்னும் இருபத்திரண்டு.

மூன்றாம் நாள் கேன் போட வந்த அப்துல் ரசாக், காலி கேனைத் தேடி மாடிக்கே ஏறிவிட்டார்.

"இன்னா டீச்சர் இது? என் கேனை அறுத்துக் காயப் போட்டுக்கீறீங்க!"

"சாரி அண்ணா, பூச்சி பிடிக்க..."

"ஒரே பேஜாரா கீது உங்களோட. ஓட்டை கேன் கேட்டா கொண்டாந்து குவிச்சிருப்பேன்ல? நல்ல கேனா பார்த்துக் கத்தி வெச்சிருக்கீங்க!"

காற்றில் அறுந்து பைகளுக்கு நடுவே விழுந்திருந்த தகடு ஒன்றைக் குனிந்து எடுத்தவர், சட்டென்று கையை உதறினார். "அய்ய! ரவை தூவுன மாதிரி ஒட்டிகினு கீது!"

ஜெரூஷா லென்ஸோடு ஓடினாள். அத்தனையும் இலைப்பேன்! இலைப்பேன் உயரப் பறப்பதில்லை. தாள் நுனியை ஒட்டியே செடிக்குச் செடி தாவும். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தெருவிலேயே உயரமாக ஏற்றிப் பழகிய வீடு. பொறியையும் அப்படியே ஏற்றிவிட்டாள். உடனே எல்லாத் தகடுகளையும் இறக்கி, தாள் உயரத்துக்குப் பைகளில் நட்ட குச்சிகளில் செருகினாள். ரசாக்கும் திட்டிக்கொண்டே நான்கைச் செருகினார்.

வியாழக்கிழமை ஃபிரெடி லென்ஸைப் பிடுங்கிக்கொண்டான். "நான் எண்றேன். நீ பாவம் பார்த்து மார்க் போடற டீச்சர்."

முழங்காலிட்டு ஒவ்வொரு தாளாக விரித்தான். "எட்டு... ஒன்பது... பத்து. பத்து, ஜெரூ. கீழேன்னுதானே பேச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள், "இங்க இன்னொண்ணு, கருப்பா, முதலைக் குட்டியாட்டம்" என்று நசுக்க விரலை நீட்டினான்.

"தொடாதே! அது பொறிவண்டோட குட்டி. நம்ம ஆளு!"

விரல் அப்படியே நின்றது. குட்டி தாளின் மேல் நிதானமாக நடந்தது, நின்றது, ஒரு இலைப்பேனைக் கவ்வியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். மென்று முடிக்கும்வரை ஃபிரெடி லென்ஸை எடுக்கவில்லை.

"ஒன்பது" என்றான். "ஞாயித்துக்கிழமைக்குப் பெரிய கூடையா எடுத்து வை."