அம்மா மேட்டில் நட்ட கொடி

டோர்கஸின் முதுகில் தொங்கிய நூல்பையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே வந்தது. சொட்டும்வரை கவலையில்லை. உள்ளே ஈரப் பாசியில் சுற்றிய சர்க்கரைவள்ளிக் கொடிகள் உயிரோடு இருக்கின்றன.

"அக்கா, உன் பை மலையடிவாரத்துல இருந்து என் காலை நனைக்குது. ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கே வேர் விட்டிரும்," என்றாள் பின்னால் ஏறிவந்த சிப்போரா.

"விடட்டும். உன்னையும் சேர்த்து நட்டுட்டு வந்துடறேன்."

பெண்கள் சிரித்தார்கள். எல்லோர் நெற்றியிலும் பைக்கயிறு அழுந்திக் கிடந்தது. எல்லோருக்கும் முன்னால் கிதாரோடு பாஸ்டர் மத்தியாஸ் மூச்சு வாங்கிக்கொண்டு போனார். கடற்கரைக்காரர். எங்கா என்ற இந்த மலைநாட்டுக்கு வந்து ஐந்து வருடமாகியும் ஏற்றம் அவருக்குப் பழகவில்லை.

பள்ளத்தாக்குச் சபை வருடந்தோறும் ஏதாவதொரு மேட்டு ஊருக்கு ஊழியப் பயணம் போகும். பாட்டு, ஜெபம், ஒரு சின்ன நாடகம், அவ்வளவுதான். இந்த வருடம் டோர்கஸ்தான் எழுந்து நின்று கைபோரிக்குப் போக வேண்டும் என்றாள். அவள் பிறந்த ஊர். இரண்டு இரவு கொட்டிய உறைபனியில் அங்கே வள்ளித் தோட்டமெல்லாம் நெருப்பு வைத்ததுபோல் கருகிவிட்டது. கிழங்கு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்ப நடுவதற்கு ஊரில் ஒரு முழம் பச்சைக்கொடி இல்லை. "பாட்டோட கொடியும் போகணும்," என்று சொன்னவள், தன் தோட்டத்தில் பாதியை அன்றே அறுத்துப் போட்டாள்.

கைபோரிக்கு வந்து சேர்ந்ததும் கொடிக்கட்டுகளை ஊர்ப் பொதுத்திடலில் நீள வரிசையாக அடுக்கச் சொன்னாள். சபைக்காரர்கள் பாடினார்கள். ஊரே வந்து நின்றது. குழந்தைகளின் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. ஆனால் ஒரு கையும் கட்டுகளை நோக்கி நீளவில்லை.

பின்னல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கெபாய் முன்னால் வந்தான். டோர்கஸின் அண்ணன்.

"பாட்டு நல்லா இருந்துச்சு பாஸ்டர். தங்குறதுக்கு இடம் தர்றோம். இந்தக் கொடிய மட்டும் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க."

"பசியில இருக்கீங்களே, தம்பி."

"பசிக்குதுதான். அதுக்காக எங்க பெரியண்ணனைக் கொன்னவங்க மண்ணுல முளைச்சத எம்புள்ளைங்க வாயில வைக்கணுமா?"

"அவரு எனக்கும் அண்ணன்தான்," என்றாள் டோர்கஸ்.

"அதனாலதான் உன்கூட இன்னும் பேசிக்கிட்டிருக்கேன்."

அவன் போய்விட்டான். ஊரும் கலைந்தது. பள்ளத்தாக்கில் வாழும் டோர்கஸின் கணவனுடைய குலத்துக்கும் கைபோரிக்கும் சண்டை ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பாதை திறந்தது, பெண் கொடுத்து எடுத்தார்கள். ஒருவர் தோட்டத்தில் விளைந்ததை மற்றவர் தின்பது மட்டும் இன்னும் இல்லை. கொடி சாப்பாடு இல்லையே, பச்சைக்கொடிதானே என்று டோர்கஸ் கணக்குப் போட்டிருந்தாள்.

"இன்னைக்கு ஜெபிப்போம். காலையில இறங்கிடலாம்மா. வலுக்கட்டாயமா கொடுக்க முடியாது," என்றார் பாஸ்டர்.

"நீங்க ஜெபிங்க பாஸ்டர். கொடிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மண்ணுக்குள்ள போகலைன்னா பன்னிக்குத்தான் போடணும்."

அவள் கட்டுகளின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தன் மேல்தான் கோபம் வந்தது. திடலில் ஏன் வைத்தாள்? திடலில் வைப்பது ஒரு குலம் இன்னொரு குலத்துக்கு வைப்பது. ஆண்கள் ஊர் பார்க்க முன்வந்து தொட்டால்தான் அது ஏற்கப்படும். பிறந்த ஊர் தன்னைப் பார்க்கட்டும், இத்தனை பச்சையைக் கொண்டுவந்தவள் நம் வீட்டுப் பெண் என்று பேசட்டும் என்ற ஆசைதான் அவளை அங்கே அடுக்கச் சொன்னது. வேறு காரணம் எதுவுமில்லை.

எழுந்து ஒரு கொடிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சிப்போரா, எல்லாத்தையும் தூக்குங்க."

"கீழேயா?"

"இல்ல. எங்க அம்மா மேட்டுக்கு."

ஓடைக்கு அந்தப் பக்கம், புல் மண்டிய சரிவில் அம்மா வள்ளி நடக் குவித்த மண்மேடுகள் உருண்டையாக நின்றன. கட்டிக்கொடுத்த பெண் எப்போது வந்தாலும் தாய் பயிரிட்ட மேட்டில் குச்சி ஊன்றி நடலாம். எந்த அண்ணனும் அதைத் தடுத்ததாகக் கைபோரியில் பேச்சில்லை. டோர்கஸ் புல்லைப் பறித்தாள். மேட்டின் வயிற்றைத் திறந்து உரத்துக்குப் புல்லை உள்ளே திணித்து மண்ணை மூடினாள். மற்றவர்கள் கொடியைச் செருகிக்கொண்டே போனார்கள். பாஸ்டர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் புல் சுமந்தார்.

செய்தி கேட்டுக் கெபாய் வந்தான்.

"யாரைக் கேட்டு இங்க கை வச்சே?"

"அம்மாவைக் கேட்டு."

"அம்மா செத்துப் போச்சு."

"அதான் வேண்டாம்னு சொல்லல."

அவன் நட்ட கொடியைச் சுட்டிக் காட்டினான்.

"இது அவங்க கொடி."

"அங்க இருந்த வரைக்கும் அவங்க கொடி. அம்மா மண்ணுல நின்னா அம்மா கொடி. வேணாம்னா பிடுங்கிப் போடுண்ணே. உன் கையால பிடுங்கு. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

கெபாய் மேட்டைப் பார்த்தான், தங்கையின் மண் அப்பிய முழங்கைகளைப் பார்த்தான். திரும்பி ஓடையைத் தாண்டிப் போனான்.

"அக்கா," என்றாள் சிப்போரா தணிந்த குரலில், "இருக்கிறது ஏழெட்டு மேடு. இத்தனை கொடியையும் நெருக்கி நட்டா கிழங்கு எலிவால் தடிமன்லதான் விளையும்."

"நடு."

ஓடைக்கு எதிர்க்கரையில் கெபாயின் மனைவி லோமியா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். டோர்கஸ் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இந்தத் தோட்டத்துக்கு வேலி இல்ல சிப்போரா. காவலுக்கு நாயும் இல்ல. நமக்கோ நடந்த அலுப்பு, படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டோம்."

சிப்போராவுக்கு இப்போதுதான் புரிந்தது. "ஆமாக்கா," என்றாள் அதைவிட உரக்க. "பாஸ்டர் விடுற குறட்டையில திருடன் வந்தாக்கூடத் தெரியாது."

பாஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தூக்கிக்கொண்டார்.

காலையில் டோர்கஸ் தோட்டத்துக்குப் போனபோது மேடுகள் இளைத்திருந்தன. நெருக்கி நட்டவற்றில் பெரும்பாலானவை காணவில்லை. அளவான இடைவெளியில் சில மட்டும் விட்டுவைக்கப்பட்டிருந்தன. உருவிய இடமெல்லாம் மண் பதமாக அமுக்கி விடப்பட்டிருந்தது. சரிவுக்கு மேலே, நேற்று வரை கருகிக் கிடந்த ஊர்த் தோட்டங்களில் மேட்டுக்கு மேடு பச்சை நுனிகள் தலைநீட்டின.

கெபாய் ஏற்கெனவே அங்கே இருந்தான். சரிவின் ஓரத்தில் கோடரியால் மரக்கட்டைகளைக் கூராக்கிக்கொண்டிருந்தான்.

"உன் தோட்டத்துல திருட்டுப் போயிருக்கு," என்றான் தலையைத் தூக்காமல்.

"பாத்தேன்."

"தோட்டத் திருட்டு பெரிய குத்தம். வழக்கு வைக்கணும்னா இன்னைக்கே ஊரைக் கூட்டணும்."

"உங்க வீட்டுல ராத்திரி யாராச்சும் வெளிய போனாங்களாண்ணே?"

"நான் தூங்கிட்டேன்."

"திருடினவங்க நுனி வெளிய தெரியுற மாதிரி ஒழுங்கா நட்டாங்களா?"

கெபாய் மேலே தன் தோட்டத்தைப் பார்த்தான். "நட்டாங்க."

"அப்ப வழக்கு இல்ல."

அவன் தலையாட்டிவிட்டு முதல் வேலிக்கட்டையை மண்ணில் நிறுத்தினான். "இந்த மூலையைப் பிடி. பன்னி இந்தப் பக்கம்தான் நுழையும்."

டோர்கஸ் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கோடரியின் பின்புறத்தால் அதை அடித்து இறக்கினான்.