தொடாமல் சொல்லிக் கொடு

அடுக்களை வாசலிலேயே வடிவம்மா நாத்தனார் பரிமளத்தின் வலது கையைப் பிடித்து இழுத்து, மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"புளிச்ச வாடை அடிக்குது. காப்பிக் களத்துப் புள்ளைங்களத் தொட்டியா?"

"குச்சியாலதான் அண்ணி சொல்லிக் குடுத்தேன்."

"குச்சியப் புடிச்ச கை இந்த வாடை அடிக்காதே!"

பரிமளம் கையை விடுவித்துக்கொண்டாள். பதினாறு வயதில் தாலி இழந்து, அண்ணன் செல்லச்சாமியின் கண்டி வீட்டுக்கு வந்தவள் அவள். மிஷன் பள்ளியில் உபாத்தியாயினிப் படிப்புக்கு அவளை அனுப்பியதற்காக ஊரே அண்ணனை மெச்சியது. காலையில் கண் விழித்ததும் அறுத்தவள் முகம் எதிரே வராமல் இருக்கட்டும் என்பதுதான் வடிவம்மாவின் எண்ணம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சிக்குக் கிடைத்த பிள்ளைகள், காப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் களத்தில் கொட்டை பொறுக்கும் கூலிக்காரிகளின் பிள்ளைகள், தாழ்ந்த சாதி. விரல் பிடித்து மணலில் எழுதவைக்கக் கூடாது. தள்ளி நின்று குச்சியால் கீறிக் காட்டலாம். பார்த்து எழுதுகிறது எழுதட்டும்.

போன விஜயதசமிக்கு இதே வீட்டில் அண்ணன் மகனுக்கு ஏடு தொடக்கினார்கள். வீட்டில் நன்றாக எழுத்துத் தெரிந்தவள் பரிமளம் ஒருத்திதான். அன்று அவளைப் பின்னறையில் இருக்கச் சொன்னார்கள். கைம்பெண் விரல் பிடித்தால் பிள்ளைக்கு ஆகாதாம். என்ன அழகான சாஸ்திரம்! வீட்டுப் பிள்ளையை அவள் தொட்டால் பிள்ளைக்கு ஆகாது. களத்துப் பிள்ளையைத் தொட்டால் வீட்டுக்கு ஆகாது.

செல்லச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"திங்கக்கெழம பரீட்சதானே? நானே வந்து பாக்குறேன். தொட்டதக் கண்டேன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

மிஷன் பள்ளித் தலைமை உபாத்தியாயர் மயில்வாகனத்தின் முன்னால் ஒரு பாடம் நடத்த வேண்டும்; அதுதான் பரீட்சை. முடிவில், உமது கல்விக் கொள்கை என்ன என்று கேட்பார். "அறியாமை இருளை அகற்றுவதே கல்வி" என்ற விடையையும் அவரே முன்கூட்டிக் கொடுத்திருந்தார். பரிமளமும் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் களத்துப் பிள்ளை, ஐந்து வயது அங்கம்மாவுக்கு, குச்சியை எவ்வளவு பார்த்தும் 'அ' வளையவே இல்லை. யாரும் பார்க்காதபோது விரலைப் பிடித்த அன்றுதான் வளைந்தது. அதற்குப் பிறகு அந்த விடையைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

திங்களன்று மயில்வாகனம் களத்தோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். செல்லச்சாமி காப்பி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, தங்கையின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கம்மாவின் தாய் மூக்காயியும் சுளகை வைத்துவிட்டு வந்து மகளை ஒட்டிக் குந்தினாள்.

"குச்சி உதிலை கிடக்குது, எடும் பிள்ளை," என்றார் மயில்வாகனம்.

பரிமளம் குச்சியை எடுக்காமல் குழந்தையின் விரலுக்குக் கை நீட்டினாள். மூக்காயி சட்டென்று மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கம்மா. பெரிய சாதிக்காரவுக எதுக்கு எம்புள்ளயத் தொடணும்? மிஷன்காரவுக வேதத்துல சேக்கவா? அதோட நீங்க அறுத்தவுகளாமே. எம்புள்ள வாழப் போறவ."

செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. அவர் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டதே!

நீட்டிய கையைப் பரிமளம் மடக்கிக்கொண்டாள். அண்ணி முகர்ந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு எங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஊருலேருந்து மன்னார்ப் பாதையில நடந்து வர்றப்ப காய்ச்சல்ல போயிட்டாரு."

"அப்ப இந்தப் புள்ளைக்குச் சோறு ஊட்டுறது யாரு கை?"

மூக்காயி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் விரலைப் பிடித்தாள்.

"எனக்கு எழுதத் தெரியாதேம்மா."

பரிமளம் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். மூன்று கையும் சேர்ந்து மணலில் ஒரு 'அ' போட்டன. கோணல்தான். அங்கம்மா சிரித்தாள். மூக்காயி இன்னும் சந்தேகமாகத்தான் பார்த்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. செல்லச்சாமி விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

"உம்மடை கல்விக் கொள்கை என்ன?" மயில்வாகனம் முகத்தைச் சுளித்தபடி கேட்டார்.

"தொடக் கூசுற கை சொல்லிக் குடுக்கக் கூடாதுங்க ஐயா."

களத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை அவளுக்கே கிடைத்தது. கொள்கையை மெச்சி அல்ல. அந்தக் களத்துக்கு வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

மாலையில் அவளுடைய துணிப்பெட்டி வாசலில் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கிட்டங்கிப் பக்கம் திரும்பியபோது, உள்ளே வடிவம்மா காப்பி இடிக்கும் சத்தம் கேட்டது. கிட்டங்கியில் மூக்காயி தன் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்ட கொட்டை அது. அதை அந்த வீட்டில் யாரும் முகர்ந்து பார்க்கவில்லை.