பதினாறு நாள் கலந்த பால்

பாதாம் ஊறிவிட்டதா என்று பார்க்க இன்சாஃப் ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினாள். தோல் வழுக்கிக் கழன்றது. இனி கிண்ணம் முழுக்க உரிக்க வேண்டும், மிக்ஸியில் அரைக்க வேண்டும், துணியில் கட்டிப் பிழிய வேண்டும். எட்டு மணிக்குள் தையல் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணிக்கட்டு நேற்றே வீங்கியிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஐம்பத்தைந்து நாளும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் வீட்டுக்குள் வராது. மற்ற வருடங்களில் அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவித்த மொச்சையும் எள் விழுதும் ரொட்டியுமாக நாள் ஓடிவிடும். இந்த வருடம் கணவர் ஃபிக்ரிக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. முப்பது வருடம் அச்சகத்தில் தாள் வெட்டிய கை மடியில் கிடந்தது. ரொட்டி தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்தால் புரையேறியது.

"கெட்டியா, வழுவழுன்னு ஏதாவது குடுங்க. ராயிப் குடுங்க" என்றார் டாக்டர்.

எருமைப் பாலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அசையாமல் வைத்து, மேலே ஆடை படிய உறையவிட்டால் ராயிப். இரண்டாம் மாடி ஹிக்மத் தினமும் இருபது ஜாடி உறைய வைத்துத் தெருவுக்கே விற்கிறாள். ஆனால் ஃபிக்ரி உதட்டை இறுக்கிக்கொண்டார். மாதாகோயில் பாதிரியார் அபூனா வீடு தேடி வந்து, "நோயாளிக்கு நோன்பு இல்லப்பா, நானே சொல்றேன்" என்று தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அதற்கும் அவர் அசையவில்லை.

"ஏழு வயசிலேருந்து பிடிக்கிறேன்" என்றார் குழறலாக. "இப்பவா விடுவேன்?"

அதனால்தான் பாதாம். பாதாம் கட்டுப்படியாகாத நாளில் வேர்க்கடலை, இல்லாவிட்டால் அரிசியும் எள்ளும். பிழிந்த பால் நீர்த்திருந்ததால் இருமினார். புளிக்கவைத்தால் கெட்டியாகும் என்று யாரோ சொல்ல, முன்னே புளித்த பாதாம் பால் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி விட்டு, துணி சுற்றி அடுப்பு மேடையில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் தயிர் போல நின்றது. மறுநாள் மேலே கட்டியும் கீழே தண்ணீருமாகப் பிரிந்தது. அந்தக் காலை மூடியைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. புழுதிக்காற்று வீசிய இரண்டு நாள் வெக்கையில் மூன்று ஜாடியும் கெட்டுப்போயிருந்தன.

முந்தின மதியத்திலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்சாஃப் கெட்ட பாலைக் கொட்டிவிட்டுக் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினாள்.

"ஒரு ஜாடி குடு ஹிக்மத்து."

"அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

"ம்" என்றாள் இன்சாஃப்.

பாதாம் பாலில் பாதிக்குப் பாதி ராயிப் கலந்து, சர்க்கரையும் இரண்டு சொட்டு ஆரஞ்சுப் பூநீரும் விட்டாள். ஃபிக்ரி கரண்டி கரண்டியாக விழுங்கினார். ஒரு தடவைகூட இருமவில்லை.

"இன்னைக்குப் பரவால்ல" என்றார். "இப்பத்தான் உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு."

மறுநாளும் கலந்தாள். அதற்கு மறுநாள் முக்கால் பங்கு ராயிப். அவர் முகத்தில் ரத்தக்களை வந்தது. ஜன்னலோர நாற்காலியில் உட்காரக் கேட்டார். அவளுக்கோ வேலை குறையவில்லை. வாசனைக்காகவாவது பாதாம் ஊறவேண்டும், பிழியவேண்டும், ராயிப் ஜாடியைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டும். அவர் குடித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்ளும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொய்யைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவது வெறுங்கையோடு நாலு மாடி ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஹிக்மத் அவரைப் பார்க்க வந்தாள்.

"கன்னம் உப்பியிருக்கே அண்ணே. என் ராயிப் பண்ற வேலை" என்றாள் மலர்ந்துபோய். "எங்க வீட்டுக்காரருக்கு இதே சரக்கக் குடுக்கிறேன், வயிறு மட்டுந்தான் உப்புது."

ஃபிக்ரி இன்சாஃபைத் திரும்பிப் பார்த்தார். ஹிக்மத் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பால்காரன் வருவான் என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் ஃபிக்ரி.

"பதினாறு."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் இடது கையால் வலது கையை எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார்.

"குளிப்பாட்டுறே. டவுசர் மாட்டுறே. எல்லாத்துக்கும் சரின்னுதான் இருக்கேன்" என்றார். ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது. "வாய்க்குள்ள போறது ஒண்ணுதான் நானா முடிவு பண்ணினது. அதையும் எடுத்துக்கிட்டியே."

"எடுத்துக்கிட்டேன். ஏன்னா பிழியறது நானு" என்றாள் இன்சாஃப். குரல் உயரவில்லை. "இந்தக் கையப் பாருங்க. ஊசி பிடிக்க வரல. நீங்க விரதம் இருக்கீங்க, உங்க விரதத்தை நான் சுமக்கிறேன். நீங்க பட்டினியில போயிட்டா, பாதாம் வாங்கப் போயிருந்தேன்னு வெளியூர்ல இருக்கிற நம்ம புள்ளகிட்ட சொல்லவா?"

ஃபிக்ரி அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அது வீங்கியிருப்பதை அன்றுதான் கவனித்தார் போலிருந்தது. அன்று முழுவதும் அவர் எதுவும் குடிக்கவில்லை. அவளும் கொண்டுபோய் நீட்டவில்லை.

மறுநாள் காலை பூசைக்குப் போகும்போது உரித்த பாதாமை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வந்து அரைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பூசை நீண்டுகொண்டே போனது. தூணில் சாய்ந்து நின்றபடியே இரண்டு முறை கண்ணயர்ந்தாள். குருத்தோலையோடு மாடியேறிக் கதவைத் திறந்தபோது ஹிக்மத்தின் குரல் கேட்டது.

"இறுக்குங்க அண்ணே. பூனைக்குட்டிய தடவற மாதிரி தடவுறீங்களே."

ஃபிக்ரியின் மடியில் பெரிய கிண்ணம் இருந்தது. ஹிக்மத் அரைத்துக் கொடுத்த விழுது துணிக்குள். துணியின் முடிச்சை ஹிக்மத் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையால் முறுக்கிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. தரையில் பால்.

"நேத்து நான் உளறினதுக்கு இவர் தர்ற தண்டனை" என்றாள் ஹிக்மத். "ஜன்னல் வழியா கூப்பிட்டு வேலை வாங்குறாரு."

"ராயிப்ப நான் குடிக்கிறேன்" என்றார் ஃபிக்ரி, நிமிர்ந்து பார்க்காமல். "கலக்க வேணாம். வெள்ளையா, தனியா, என் கண்ணு முன்னாடி ஊத்து. அபூனாகிட்ட நானே சொல்லிக்கிறேன். பெரிய வெள்ளிக்கு மட்டும் எதுவும் கேக்காதே."

"அப்ப இது யாருக்கு?"

"நோன்பு இருக்கிறது நீதானே."

ஹிக்மத் தம்ளரில் ஊற்றி நீட்டினாள். இன்சாஃப் ஓலையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பால் நீர்த்திருந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார்கள். நாக்கில் திப்பி நெருடியது.

"சக்கையா இருக்கு" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும். குடி."

முழுவதும் குடித்தாள். பழக்கத்தில் தம்ளரைக் கழுவ எழுந்தவளை, "வச்சிட்டு உக்காரு" என்றார் ஃபிக்ரி. அவள் வைத்துவிட்டாள். சிந்திய பாலை ஹிக்மத் துடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.