ஆறாவது பெயர்

கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஷூ கழன்றது. ஐந்து மாதம் படுக்கையில் கிடந்ததில் கிருபாநிதியின் பாதங்கள் சுருங்கிப் போயிருந்தன. இன்பமணி அப்பாவின் கால்விரல்களுக்கு முன்னால் பஞ்சை அடைத்து, வெள்ளை கேன்வாஸ் ஷூவின் கயிற்றை மறுபடி முடிந்தாள். சவப்பெட்டிக்குள் ஷூ எதற்கு, வேட்டி சட்டையில் அனுப்புவதுதானே முறை என்று நாசரேத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். இருபத்தைந்து வருஷம் கல்லூரி கிரவுண்டில் ஷூவோடு நின்ற மனுஷன், வெறுங்காலோடு போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அம்மா வேதமணி சொன்னதும் அவர் அடங்கினார்.

அப்போதுதான் அப்பாவிடம் கூடைப்பந்து பழகிய காசிலிங்கம் கோப்பையைக் கொண்டுவந்தான்.

1964-ல் மதுரையில் நடந்த இறுதி ஆட்டத்தில் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஜெயித்த பல்கலைக்கழகக் கோப்பை அது. பன்னிரண்டு வருஷமாகப் பிரின்சிபால் அறையின் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வராதது. சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, அதைச் சாரின் தலைமாட்டில் வைத்துவிட்டு ஐஸ் கட்டியைப் பார்க்கப் போனான் காசிலிங்கம். நேற்று மத்தியானம் மூச்சு நின்றதிலிருந்து பந்தல், தந்தி, பெட்டி எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓடினான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மகன் மாதிரி நிற்கிறான் என்று எல்லாரும் மெச்சினார்கள். இன்பமணிக்கு மட்டும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டைக்குள் அப்பா கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்தது.

அவர்கள் சபையில், அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வீட்டார் ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். பிறந்த ஊர், ஞானஸ்நானம், படிப்பு, கலியாணம், உத்தியோகம், கடைசியாக வியாதி. அந்தச் சரித்திரங்களில் கெட்டவர் என்று ஒருவரை இன்பமணி இதுவரை கேட்டதில்லை. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வாசிக்க வேண்டும்.

கல்லூரியின் வெள்ளிவிழா மலருக்குக் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுதித் தரும்படி அப்பாவிடம் கேட்டிருந்தார்கள். கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல இன்பமணிதான் எழுதினாள். உப்பளத்துக்குப் போகிற வழியில் கிடந்த மண்தரையைப் பையன்களோடு உருளை இழுத்துச் சமப்படுத்திய 1951-ல் ஆரம்பித்தார். பட்டறையில் இரும்பை வளைத்துச் செய்த வளையம், கடற்காற்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து உதிர்ந்தது. வலையை மீன்வலை பின்னுகிறவர்களே கட்டித் தந்தார்கள். முதல் வருஷம் பாளையங்கோட்டையில் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்று, லாரியில் வாயைத் திறக்காமல் திரும்பினார்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் களத்தில் முதலில் இறங்கிய ஐந்து பேரின் பெயரையும் அப்பா தடுமாறாமல் சொன்னார். 1964 வந்ததும் நிறுத்திவிட்டார். ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, அறுபத்தைந்தை எழுது என்றார்.

முந்தாநாள் காலையில்தான் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னார்.

“காசிங்கிற பேருல அன்னைக்கு ஆடுனது காசி இல்லளா. பொன்னுதுரை.”

பொன்னுதுரை பி.யு.சி. ஆங்கிலத்தில் தோற்று, கல்லூரிப் பட்டியலில் இல்லாமல் போனவன். ஆனாலும் சாயங்காலம் தவறாமல் ஆட வருவான். அவன் உயரத்துக்குத் தென்மாவட்டங்களிலேயே ஆள் கிடையாது. பட்டியலில் இல்லாதவன் போட்டியில் இறங்கக் கூடாது. அடுத்த வருஷம் எப்படியும் உன்னைச் சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, மாற்று ஆட்டக்காரனாக இருந்த காசிலிங்கத்தின் பெயரில் அப்பா அவனை இறக்கினார். அணியெடுத்த ஐம்பத்தொரு புள்ளியில் இருபத்திரண்டு அவனுடையது. பத்திரிகையில் காசிலிங்கம் என்று வந்தது. சான்றிதழிலும் அதே பெயர். அதைக் காட்டி காசிலிங்கத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்க்கார் வேலை கிடைத்தது. பொன்னுதுரையோ ஒளித்து வைக்க வேண்டிய ஆளாகிவிட்டான். ஆட வருகிற வெளியூர்க்காரன் எவனாவது அவனைக் காசி என்று கூப்பிட்டுவிட்டால் குட்டு உடைந்துவிடும். கோப்பையும் போய்விடும்.

“கிரவுண்டுப் பக்கமே வராதலன்னு சொல்லிட்டேன். சரி சார்னு போயிட்டான். ஏன்னு ஒரு வார்த்த கேக்கல.”

சொன்னதை எல்லாம் எழுத வைத்து, பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மலரில் இதைப் போடமாட்டார்கள், கோயிலில் என் சரித்திரத்தோடு சேர்த்து வாசி என்றார். இன்பமணிக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அது தணியவில்லை. உயிரோடு இருந்த பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாததை மகளின் வாயில் வைத்துவிட்டு, அவர் பாட்டுக்கு ஷூ போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

பதினோரு மணிக்குக் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் காசிலிங்கம் வந்தான். நேற்றிலிருந்து சவரம் செய்யாத முகம்.

“அம்மா சொன்னாவ, தங்கச்சி. காயிதத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் கேட்டு வாங்கல. இருபது வயசு எனக்கு. கையெழுத்துப் போடுலன்னு சார் சொன்னாவ, போட்டேன். அந்தச் சர்ட்டிபிகேட் இப்பமும் என் பைல்ல கிடக்கு. கோயிலுக்கு எங்க ஆபீஸ்லருந்து ஏழெட்டுப் பேரு வாராங்க.”

“நான் என்ன செய்யட்டும் அண்ணே?”

“அந்த ஒரு வரிய விட்டுரு. வேற ஒண்ணுமில்ல.”

குழாயடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து குழாயை மூடினான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு இன்பமணிதான் பள்ளியில் அட்சரம் கற்றுக்கொடுத்தாள். உள்ளே வந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போனவுக போயிட்டாவ. இருக்கவன் சோத்துல மண்ணப் போட்டுராத” என்றாள். இன்பமணி கையை உருவிக்கொண்டாள். யார் பக்கம் நின்றாலும் இன்னொருவனுக்குத் துரோகம்.

மத்தியானம் தெருவுக்கு எதிர்ப்பக்கம், பூவரச மரத்தடியில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள். மரத்தின் கீழ்க்கிளை அவன் நெற்றியில் இடித்தது. ஒதுங்காமல், குனிந்தபடி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தலில் உட்கார்ந்திருந்த, 1964 அணியில் ஆடிய தனராஜும் ஜேசுபாதமும் பிச்சையாவும் அவனைக் கவனித்துவிட்டார்கள். கவனித்ததும் மூன்று பேரும் தரையில் எதையோ தொலைத்துவிட்டவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், பன்னிரண்டு வருஷமாக ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

இன்பமணி தெருவைக் கடந்து போனாள்.

“பொன்னுதுரை அண்ணன்தான?”

தன் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்ததில் அவன் திடுக்கிட்டான். தோணித்துறையில் மூட்டை ஏற்றுகிறவன் என்பது கழுத்தோரம் காய்த்துப்போயிருந்த தோளிலேயே தெரிந்தது. உள்ளே வரச் சொன்னாள். சார் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றான். பிறகு அவனே யோசித்து, “கிரவுண்டுக்குத்தான் சொன்னாவ. வீட்டுக்குச் சொல்லல. இருந்தாலும் ஒரு இதுதான்” என்றான்.

அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அவள் சொன்னாள்.

“மேட்ச்சுக்கு முந்துன ஒரு வாரம் சார் என்னயக் காசின்னேதான் கூப்பிட்டாவ. டக்குன்னு திரும்பலன்னா ரெண்டு சுத்து ஓடணும். அப்படிப் பழக்குனாவ.” லேசாகச் சிரித்தான். “இப்பமும் துறையில யாராவது காசின்னு சத்தங் கொடுத்தா, மூட்டையோட திரும்பிருதேன்.”

இன்பமணிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் தெரியுமா என்று கேட்டாள்.

“எம் பொண்டாட்டிட்ட ஒருக்கா சொன்னேன். நம்பமாட்டேங்கா. பேப்பர்ல பேரு எங்கங்கா.”

“இன்னைக்குக் கோயில்ல வாசிக்கட்டுமா?”

பந்தலில் காசிலிங்கம் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பொன்னுதுரை அவனைப் பார்த்தான்.

“அவன் பாவம்மா. அன்னைக்கு இடைவேளையில எனக்குக் கால் பிடிச்சுக்கிட்டது. அவன்தான் தரையில உக்காந்து நீவிவிட்டான். அவன் வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, கிளையைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னான். “ஆனா எம் பேர யாராவது ஒருக்கா சொன்னா நல்லாருக்கும்.”

நாலு மணிக்குக் கோயில் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பிரின்சிபாலும் பேராசிரியர்களும். அடுத்த வரிசையில் பழைய ஆட்டக்காரர்கள், அதற்குப் பின்னால் இந்த வருஷத்து அணிப் பையன்கள். காசிலிங்கம் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தான். அவன் ஆபீஸ்காரர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுதுரை உள்ளே வந்து, கடைசிச் சுவரை ஒட்டி நின்றான். போதகர் எஸ்றா தலையை அசைத்ததும் இன்பமணி எழுந்தாள்.

பிறப்பு, படிப்பு, கலியாணம் எல்லாம் தடங்கலில்லாமல் போயின. அணியின் வரலாற்றுக்கு வந்தாள். உருளை இழுத்ததையும் நாற்பது புள்ளியில் தோற்றதையும் வாசித்தபோது பழைய ஆட்டக்காரர்கள் மெல்லச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்து அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம். ‘காசிலிங்கம் என்ற பெயரில் ஆடியவன் பொன்னுதுரை’ என்ற வரி அவள் எழுத்திலேயே இருந்தது. காசிலிங்கம் கோப்பையின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நேரம் ஆக ஆகப் போதகர் தொண்டையைச் செருமினார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு” என்று ஆரம்பித்தாள். “மதுரையில் கோப்பையை வென்ற ஆட்டத்தில் நம் அணிக்காக முதலில் இறங்கியவர்கள்: தனராஜ், ஜேசுபாதம், ஜேசுதாசன், பிச்சையா, காசிலிங்கம்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “பொன்னுதுரை.”

சபையாருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. விசிறிகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. கூடைப்பந்துக்கு எத்தனை பேர் இறங்குவார்கள் என்று காசிலிங்கத்தின் ஆபீஸ்காரர்கள் தெரிந்து வைத்திருக்க நியாயமில்லை. ஆனால் அணிப் பையன்களின் வரிசையில் ஒருவன் விரல்களை மடக்கி எண்ணிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். தனராஜ் நெற்றியை முன்பெஞ்சில் சாய்த்துக்கொண்டான்.

“அதற்குப் பிறகு பொன்னுதுரையைக் கிரவுண்டுக்கு வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அது தான் செய்த அநியாயம் என்று இங்கே வாசிக்கச் சொன்னார்.”

மிச்சத்தை வாசித்து முடித்து உட்கார்ந்தாள். அப்பா சொல்லச் சொன்னதில் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். பாதி உண்மைக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். முதல் தோள் கொடுப்பது அறுபத்துநாலு அணிதான் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஜேசுதாசன் பம்பாயில் இருந்ததால் நாலு பேர். பின்பக்கம் ஜேசுபாதமும் பிச்சையாவும் குனிந்தார்கள். முன்பக்கம் தனராஜ் குனிந்தான். அவனுக்கு இணையாகக் குனிய வேண்டிய காசிலிங்கம் கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து, பெட்டியின் மேல் கையை வைத்தான். வைத்த கையைத் திரும்ப எடுத்தான்.

“பொன்னுதுரை” என்று கூப்பிட்டான். குரல் எழும்பவில்லை. கடைசிச் சுவரைப் பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டான்.

“ஏலே பொன்னுதுரை. இங்கன வா. இது ஒன் எடம். அன்னைக்கு ஆடுனது நீதான்.”

கோயில் முழுக்கக் கேட்டது. ஜன்னலோரம் இருந்தவர்களில் ஒருவர் மற்றவரின் காதில் ஏதோ சொன்னார். பிரின்சிபால் திரும்பிக் கோப்பையைப் பார்த்தார். காசிலிங்கம் யாரையும் பார்க்காமல் ஒதுங்கி வந்து, இன்பமணிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் முகம் வியர்த்திருந்தது. அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள், அதில் மடித்திருந்த காகிதம் கீழே விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

பொன்னுதுரை நடுவழியாக நடந்து வந்தான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தான். தூக்கியதும் பெட்டி அவன் பக்கமாக மேலேறிச் சாய்ந்தது. மற்ற மூன்று பேரின் தோளும் அவன் நெஞ்சுக்குத்தான் வந்தது. பெண்கள் பதறினார்கள். உயரம் ஒத்த வேறு ஆள் மாறிக்கொள்ளட்டும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்.

அவன் முழங்காலை மடக்கினான். பெட்டி சமமானது. அப்படியே, பாதி உட்கார்ந்த நிலையில், ஒரு அடி எடுத்து வைத்தான், பிறகு இன்னொரு அடி. கல்லறைத் தோட்டம் முக்கால் மைல் தள்ளி, உப்பளங்களின் ஓரத்தில் இருந்தது. வழியில் இரண்டு தரம் தோள் மாற்ற ஆட்கள் வந்தார்கள். தனராஜ் மாறினான், பின்பக்கத்து இருவரும் மாறினார்கள். பொன்னுதுரை தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டான்.

கோப்பை கோயில் பெஞ்சிலேயே இருந்தது. இன்பமணியோடு காசிலிங்கம் வெறுங்கையோடு நடந்தான். தெரு திரும்புகிற இடங்களில் மட்டும் அவளுக்குப் பெட்டியின் முன்பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தாள். அந்த முழங்கால்கள் நிமிரவே இல்லை.